பழைய திட்ட மேலாண்மையில் அஜைல்: கூட்டங்களைத் தொடங்கும் முன் மாற்ற வேண்டியவை

அஜைல் என்பது மென்பொருளைச் சிறு சிறு துண்டுகளாகச் செய்து, பயனரிடம் காட்டி, அவர் கருத்தைக் கேட்டுத் திட்டத்தைத் திருத்திக்கொண்டே போகும் முறை. பல நிறுவனங்களில் அது வந்து சேரும் விதம் ஒன்றுதான். ஒரு திங்கட்கிழமையிலிருந்து டீம் தினமும் காலையில் நின்றபடி பேசத் தொடங்குகிறது. சுவரில் வண்ணத் தாள்கள் ஏறுகின்றன. திட்ட மேலாளருக்கு ஸ்க்ரம் மாஸ்டர் (ஸ்க்ரம் என்ற அஜைல் முறையில் டீமுக்குத் துணைநிற்பவர்) என்று புதுப் பெயர் கிடைக்கிறது. ஆனால் பத்து மாதத்துக்கான தேவைப் பட்டியல் கையெழுத்தானபடியே இருக்கிறது, கெடுவும் பட்ஜெட்டும் அசையவில்லை, ஒரு திரையில் ஒரு பட்டனை நகர்த்தவும் மூன்று பேர் ஒப்புதல் தர வேண்டும். ஆறு மாதம் கழித்து, "அஜைல் நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் அதை முயன்று பார்க்கவே இல்லை.

காண்ட் சார்ட் (வேலைகளைக் காலக்கோட்டில் காட்டும் அட்டவணை), மைல்ஸ்டோன் (முக்கியக் கட்டம் முடியும் புள்ளி), கட்டத்துக்குக் கட்டம் ஒப்புதல் என்று வேலை செய்து பழகிய திட்ட மேலாளர்களுக்காக எழுதியது இது. யார் எதை முடிவு செய்யலாம் என்பதை முதலில் மாற்றிவிட்டு, கூட்டங்களைப் பிறகு பார்ப்பதுதான் இங்கே வரிசை. அதனால் ஸ்பிரிண்ட், அதாவது சில வாரத்துக்குள் வேலையை முடித்துக் காட்டும் சுற்று, ஆறாவது படியில்தான் வருகிறது.

பேச வசதியாக ஒரு கற்பனைத் திட்டத்தை வைத்துக்கொள்வோம். ஊழியர்கள் தங்கள் பயணச் செலவை மென்பொருளில் பதிவு செய்கிறார்கள், மேலதிகாரி ஒப்புதல் தருகிறார், நிதிப் பிரிவு பணத்தைத் திருப்பித் தருகிறது. கெடு பத்து மாதம். இதைச் செலவுத் திட்டம் என்று அழைப்போம்.

கொஞ்சம் பின்னணி

வாட்டர்ஃபால் என்று நாம் சொல்லும் படத்தை, அதாவது தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் கட்டங்களை, 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் ஒரு கட்டுரையில் வரைந்தார். அந்தப் படத்தில் உள்ளபடியே வேலை செய்வது ஆபத்தானது, தோல்வியை வரவழைக்கும் என்று அதே கட்டுரையில் எழுதியவரும் அவர்தான். படம் பிரபலமானது, எச்சரிக்கை மறந்துபோனது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதில் இருப்பவை நான்கு மதிப்பீடுகளும் 12 கொள்கைகளும்தான். திட்டமும் ஆவணமும் ஒப்பந்தமும் வேண்டாம் என்று அது எங்கும் சொல்லவில்லை; அவற்றுக்கும் மதிப்பு உண்டு, மற்றவற்றுக்கு அதைவிட அதிகம் என்கிறது. மரபான திட்ட மேலாண்மையின் பக்கமும் கதவு திறந்தே இருக்கிறது. திட்ட மேலாளர்களுக்கான சர்வதேச அமைப்பான பிஎம்ஐ, 2017-இல் அஜைல் அலையன்ஸ் என்ற அமைப்புடன் சேர்ந்து ஒரு நடைமுறை வழிகாட்டி வெளியிட்டது. அது நடத்தும் சான்றிதழ்த் தேர்வான பிஎம்பி 2021 ஜனவரியில் மாறியபோது, பாதியளவு கேள்விகள் அஜைல் அல்லது கலப்பு முறை சார்ந்தவை ஆயின. எனவே கொள்கைச் சண்டைக்கு இங்கே இடமில்லை. சண்டை வருவதெல்லாம் நடைமுறையில்தான்.

படி 1: திட்டத்தைக் கூறு போடுங்கள்

"இந்தத் திட்டத்துக்கு அஜைல் பொருந்துமா?" என்று மொத்தமாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. திட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். என்ன வேண்டும் என்பது இப்போதே தெளிவாகத் தெரியுமா? செய்து முடித்த பிறகு மாற்ற எவ்வளவு செலவாகும்?

செலவுத் திட்டத்தில் பதிவுத் திரை எப்படி இருக்க வேண்டும் என்பது ஊழியர்கள் தொட்டுப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது, மாற்றவும் அதிகம் ஆகாது. அது அஜைலுக்கு ஏற்ற இடம். சர்வர் வாங்குவதும் உரிம ஒப்பந்தமும் தெளிவானவை, பின்னால் மாற்றினால் பணம் போகும். அவற்றுக்குப் பழைய அட்டவணையே போதும். வங்கியுடன் இணைப்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். விதிகள் தாளில் இருக்கும், ஆனால் எதிர்ப்பக்க மென்பொருள் நிஜத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியாது. இப்படிப்பட்டதை முதல் மாதத்திலேயே சிறிய அளவில் சோதித்துவிடுங்கள். பழைய முறையில் இது கடைசியில் வரும், கடைசி நேரத்தில் தலைவலி தருவதும் இதுவாகத்தான் இருக்கும்.

முதல் முயற்சிக்கு, நாலு பேருக்காவது அக்கறை உள்ள, ஆனால் நிறுவனத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்காத திட்டமாகப் பாருங்கள். ஏற்கெனவே தாமதமாகித் தத்தளிக்கும் ஒன்றைக் காப்பாற்ற அஜைலைக் கொண்டுவர வேண்டாம். அது தேறாவிட்டால் பழி புது முறையின் மேல்தான் விழும்.

படி 2: எது அசையும், எது அசையாது என்று எழுதி வாங்குங்கள்

மிக முக்கியமான படி இதுதான். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

காலம், செலவு, ஸ்கோப் (செய்து தர வேண்டிய வேலையின் எல்லை) மூன்றும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. மரபான முறை ஸ்கோப்பை நிலையாக வைத்து, காலத்தையும் செலவையும் கணக்கிடுகிறது. அஜைல் அதைத் திருப்பிப் போடுகிறது. கெடு நிலையானது, டீம் நிலையானது என்பதால் செலவும் ஏறக்குறைய நிலையானது. அசைவது ஸ்கோப். மேலிடம் மூன்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் தரம் சத்தமில்லாமல் நழுவும். சோதனையைச் சுருக்குவார்கள், அவசர ஒட்டுவேலை பெருகும், அதன் விலையை அடுத்த வருடம் வேறு யாரோ கட்டுவார்கள்.

ஆகவே திட்டத்துக்குப் பணம் தருபவருடன் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். கெடு என்ன, டீமில் எத்தனை பேர், திட்டத்தின் நோக்கம் என்ன என்பவை அதில் அசையாதவை. நோக்கத்தை "17 திரைகள்" என்று எழுதாமல், "பணம் திரும்பக் கிடைக்க ஆகும் நாள் பாதியாகக் குறைய வேண்டும்" என்பதுபோல எழுதுங்கள். அப்புறம் ஸ்கோப்பைக் கட்டாயம், தேவை, இருந்தால் நல்லது, இந்த முறை இல்லை என நான்காகப் பிரியுங்கள். டாய் கிளெக் 1994-இல் உருவாக்கிய இந்த மாஸ்கோ முறையை டிஎஸ்டிஎம் என்ற அஜைல் முறை எடுத்துக்கொண்டது. கட்டாயம் என்ற பெட்டியில் மொத்த உழைப்பில் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அந்த முறையின் அறிவுரை. பட்டியலைப் போட்டுப் பாருங்கள், முதல் சுற்றில் 95 சதவீதம் கட்டாயத்தில்தான் போய் உட்காரும். அங்கே விட்டுக்கொடுக்காமல் பேசுங்கள். இந்த ஒரு கூட்டத்தில் தவிர்க்கும் சச்சரவு எட்டாவது மாதத்தில் பத்து மடங்காகத் திரும்பி வரும்.

அந்தப் பக்கத்தின் கடைசி வரி அதிகாரம் பற்றியது. எந்த வேலை முதலில் என்று வரிசைப்படுத்துபவர் புராடக்ட் ஓனர்; திட்டத்தை மேலிருந்து கண்காணிக்கும் குழு ஸ்டீரிங் கமிட்டி. இப்படி எழுதலாம்: "இன்னும் தொடங்காத ஒரு வேலையை எடுத்துவிட்டு அதே அளவுள்ள இன்னொன்றைச் சேர்க்கும் முடிவு புராடக்ட் ஓனருடையது, யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. கெடுவையோ பட்ஜெட்டையோ தொடும் முடிவுகள் மட்டுமே ஸ்டீரிங் கமிட்டிக்கு வரும்." இந்த வரி கையெழுத்தாகாவிட்டால் மற்ற படிகளைத் தொடங்காதீர்கள் என்றே சொல்வேன். வேலையை வெளி நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தால் இதே வரி ஒப்பந்தத்திலும் ஏற வேண்டும். நிலையான விலை ஒப்பந்தத்திலும் சம அளவு மாற்றத்துக்கு இடம் வைக்க முடியும். நோக்கம் சீக்கிரமே நிறைவேறினால், மீதித் தொகையில் ஒரு பங்கைக் கொடுத்து முன்கூட்டியே முடித்துக்கொள்ளும் விதியையும் சேர்க்கலாம். இரு தரப்புக்கும் அது லாபம்.

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் சென்டினல் திட்டம் இதற்குப் பொருத்தமான உதாரணம். அதற்கு முந்தைய வழக்குக் கோப்பு மென்பொருளை 2005-இல் கைவிட்டார்கள். 2006-இல் சென்டினல் ஒப்பந்த நிறுவனத்திடம் போனது, அதுவும் தாமதமானது. 2010-இல் எஃப்பிஐ பொறுப்பைத் தன் கையில் எடுத்து, சிறிய டீமுடன் அஜைல் முறைக்கு மாறியது. மென்பொருள் 2012 ஜூலையில் எல்லோருடைய பயன்பாட்டுக்கும் வந்தது. முறை மாறியபோது, முடிவெடுப்பவரும் வேலை செய்பவரும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: மாறிய பிறகும் அவர்களின் கெடு பல மாதம் தள்ளிப்போனது. அஜைல் தாமதத்தை ஒழிக்கும் என்று மேலிடத்திடம் வாக்குக் கொடுக்காதீர்கள். தாமதம் முன்கூட்டியே கண்ணில் படும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

படி 3: ஆட்கள்

புராடக்ட் ஓனர் ஒருவராக இருக்க வேண்டும், குழுவாக இருக்கக் கூடாது. இங்கே வழக்கமான சிக்கல் ஒன்று உண்டு. செலவுத் திட்டத்தில் நிதித் தலைவருக்கு அதிகாரம் இருக்கிறது, நேரம் இல்லை. செலவுப் பிரிவின் மேற்பார்வையாளருக்கு நேரமும் விவரமும் இருக்கின்றன, அதிகாரம் இல்லை. தலைவரைப் பெயருக்குப் போட்டால் கேள்விகள் பதிலில்லாமல் வாரக்கணக்கில் தொங்கும். மேற்பார்வையாளரை வெறுங்கையோடு உட்கார வைத்தால் ஒவ்வொன்றுக்கும் "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்பார். மேற்பார்வையாளரையே நியமித்து, படி 2-இல் எழுதிய அதிகாரத்தை அவர் பெயருக்குக் கொடுங்கள். தலைவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரிவ்யூவுக்கு, அதாவது முடிந்த வேலையைக் காட்டும் கூட்டத்துக்கு, வந்தால் போதும். ஆனால் அங்கே வந்து, கீழே எடுத்த முடிவுகளை எல்லோர் முன்னாலும் கவிழ்க்கக் கூடாது. இதை அவரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவையுங்கள்.

திட்ட மேலாளரின் கதி என்ன? ஸ்க்ரமில் அந்தப் பெயரில் பொறுப்பு இல்லை என்பதால் பலருக்கு உள்ளூரப் பயம். நிஜத்தில் பெரிய நிறுவனத்தில் பட்ஜெட், வெளி ஒப்பந்தங்கள், மற்ற பிரிவுகளோடு ஒருங்கிணைப்பு, ரிஸ்க் என்று அவர் பார்க்கும் வேலை எங்கும் போய்விடாது. போவது ஒன்றுதான்: யார் இன்று எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது. அந்தப் பழக்கத்தை விட முடிந்தவர் நல்ல ஸ்க்ரம் மாஸ்டர் ஆகலாம். விட முடியாதவர் திட்ட மேலாளராகவே தொடர்ந்து டீமுக்கு வெளியே உள்ள வேலைகளைப் பார்ப்பது இரு பக்கமும் நல்லது.

டீமின் அளவு: 2020 ஸ்க்ரம் வழிகாட்டி 10 பேர் அல்லது அதற்கும் குறைவு என்கிறது. டெஸ்டரும் தேவை ஆய்வாளரும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். இரண்டு மூன்று திட்டங்களில் ஆளைப் பிய்த்துப் போடும் பழக்கத்தைத் துறை மேலாளர்கள் எளிதில் விட மாட்டார்கள். இருந்தாலும் பாதி நேர ஆட்கள் எட்டுப் பேரைவிட முழு நேர ஆட்கள் ஐந்து பேர் மேல்.

படி 4: தேவை ஆவணத்திலிருந்து பேக்லாக்

200 பக்கத் தேவை ஆவணத்தை வரிக்கு வரி யூசர் ஸ்டோரியாக (பயனருக்கு வேண்டியதைச் சொல்லும் சிறு குறிப்பாக) மாற்றி ஒரு டூலில் ஏற்றுவது எல்லோரும் செய்யும் காரியம். அப்படிச் செய்தால் அதே வாட்டர்ஃபால்தான் 900 சின்னத் துண்டுகளாக உங்கள் முன் நிற்கும். ஆவணத்தை வீச வேண்டாம், சந்தேகம் வரும்போது பார்ப்பதற்கு இருக்கட்டும். பேக்லாக்கை, அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் முன்னுரிமைப் பட்டியலை, புதிதாக எழுதுங்கள்.

பழைய வேலைப் பிரிப்பு அடுக்கு அடுக்காகப் போகும்: டேட்டாபேஸ் முழுவதும் முதலில், பிறகு லாஜிக், பிறகு திரைகள். எட்டாவது மாதம்வரை பயனர் கையில் எதுவும் கிடைக்காது. பேக்லாக்கில் மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்குகளையும் தொடும் மெல்லிய துண்டு வேண்டும். செலவுத் திட்டத்தின் முதல் துண்டு இப்படி இருக்கலாம்: ஒரு ஊழியர், ஒரே வகைச் செலவு (வாடகைக் கார்), ஒரே ஒரு மேலதிகாரி, ஒப்புதல் வந்ததும் நிதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல். பணத்தை இப்போதைக்குக் கையால் அனுப்பட்டும். பார்க்கக் கேலியாக இருக்கும், ஆனால் முழுச் சுற்றும் ஓடுகிறது. அடுத்த துண்டில் ரசீதுப் படம் சேரும், பிறகு ஹோட்டல் செலவு, பிறகு மேலதிகாரி விடுப்பில் இருந்தால் யார் ஒப்புதல் தருவது என்பது. வங்கி இணைப்பும் இந்த வரிசையில் ஒரு துண்டாக உள்ளே வரும்.

அருகில் உள்ள துண்டுகளை விவரமாகவும் தூரத்தில் உள்ளவற்றை ஒரே வரியாகவும் எழுதினால் போதும். அளவிடுவதற்கு, 2002-இல் ஜேம்ஸ் கிரென்னிங் முன்வைத்த பிளானிங் போக்கர் இன்றும் நன்றாக வேலை செய்கிறது. ஒவ்வொருவரும் வேலையின் அளவைக் குறிக்கும் ஒரு எண்ணை (இதைப் புள்ளி என்பார்கள்) மறைத்து வைத்து ஒரே நேரத்தில் காட்டுகிறார்கள். ஒருவர் 3, இன்னொருவர் 13 என்று காட்டினால் அந்த இருவரும் பேச வேண்டும். எண்ணைவிட அந்தப் பேச்சில்தான் பயன் அதிகம். மறந்துபோன வேலையெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

படி 5: "முடிந்தது" என்றால் என்ன

அரைப் பக்கம் போதும். நிரலை இன்னொருவர் பார்த்தாயிற்று, தானியங்கிச் சோதனை ஓடியது, பாதுகாப்புப் பரிசோதனை முடிந்தது, உதவிக் குறிப்பு எழுதியாயிற்று, சோதனைச் சர்வரில் ஏறியது. எல்லாம் சரி என்றால்தான் முடிந்தது. 90 சதவீதம் முடிந்தது என்ற பேச்சே கிடையாது, முடியாதது பூஜ்யம். காண்ட் சார்ட்டில் பழகியவர்களுக்கு முதல் இரண்டு மாதம் இது கசக்கும்.

படி 6: ஸ்பிரிண்ட்

இரண்டு வாரம் என்று தொடங்குங்கள். ஸ்க்ரம் வழிகாட்டியில் ஸ்பிரிண்டின் உச்ச அளவு ஒரு மாதம். அதற்குத் திட்டமிடல் அதிகபட்சம் 8 மணி நேரம், ரிவ்யூ 4, ரெட்ரோ (வேலை செய்த விதத்தைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) 3. இரண்டு வாரத்துக்கு ஏறக்குறைய பாதி. தினசரிச் சந்திப்பு எப்போதும் 15 நிமிடம்.

கூட்டங்கள் தடம் புரள்வதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். தினசரிச் சந்திப்பில் எல்லோரும் மேலாளரைப் பார்த்தே பேசினால் அது நிலை அறிக்கை வாசிப்பு. அவர் சில நாள் வராமல் இருந்து பார்க்கலாம். ரிவ்யூவில் ஸ்லைடு ஓடினால், நிறுத்திவிட்டு மௌஸை ஒரு பயனர் கையில் கொடுங்கள். ரெட்ரோவில் பத்துக் குறைகளைப் பட்டியலிட்டு மறந்துவிடுவதைவிட, ஒன்றை மட்டும் எடுத்து அடுத்த ஸ்பிரிண்டின் வேலைப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஸ்பிரிண்டின் நடுவில் "இது மட்டும் அவசரம்" என்று வேலை வந்தால்? அதை ஏற்பதா இல்லையா என்பது புராடக்ட் ஓனர் டீமுடன் பேசி முடிவு செய்ய வேண்டியது. ஏற்றால் அதே அளவுள்ள ஒன்று வெளியே போக வேண்டும். வெளியே போனது எது என்பதை அவசரம் என்று வந்தவரிடமே சொல்லுங்கள். அவசரங்களில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

படி 7: மேலிடத்துக்கான அறிக்கை

ஸ்டீரிங் கமிட்டிக்கு வேண்டியது சதவீதமும் தேதியும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களும். முதல் மாதமே வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்டில் டீம் முடிக்கும் புள்ளிகள்), பர்ன்டவுன் (மீதி வேலை குறைவதைக் காட்டும் வரைபடம்) என்று பாடம் எடுத்தால் பொறுமை இழப்பார்கள். அவர்கள் மொழியிலேயே சொல்லுங்கள், ஆனால் அடியில் உள்ள எண்கள் நிஜமாக இருக்கட்டும்.

மைல்ஸ்டோன்களை வைத்துக்கொள்ளலாம், பெயர்களை மட்டும் மாற்றுங்கள். "வடிவமைப்பு ஆவணம் முடிந்தது" என்பதற்குப் பதில், "ஒரு பிரிவு ஊழியர்கள் தங்கள் செலவை நிஜமாகவே இதில் பதிவு செய்கிறார்கள்."

தேதியை இப்படிக் கணக்கிடலாம். கடந்த ஐந்து ஸ்பிரிண்டுகளில் டீம் முடித்த புள்ளிகள் 18, 24, 21, 15, 22 என்று வைத்துக்கொள்வோம். பேக்லாக்கில் மீதி 240 புள்ளி. சிறந்த மூன்றின் சராசரி ஏறக்குறைய 22, மோசமான மூன்றின் சராசரி 18. அப்படியானால் மீதி வேலைக்கு 11 முதல் 14 ஸ்பிரிண்ட் ஆகும், அதாவது 22 முதல் 28 வாரம். ஒரே தேதியைச் சொல்லாமல் இந்த வீச்சைச் சொல்லுங்கள்.

கெடு நிலையானது என்றால் கணக்கைத் திருப்புங்கள். கையில் 10 ஸ்பிரிண்ட் மட்டுமே இருந்தால், பேக்லாக்கில் மேலிருந்து 180 புள்ளிவரை உள்ளவை அநேகமாக வந்துவிடும். 180-க்கும் 220-க்கும் இடையில் இருப்பவை வரலாம், வராமலும் போகலாம். அதற்குக் கீழே இருப்பதை யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். பட்டியலில் இந்த இரண்டு கோடுகளைப் போட்டுக் கமிட்டி முன் வையுங்கள். "ஏன் தாமதம்?" என்ற விசாரணைக்குப் பதில், "அந்தக் கோட்டுக்குக் கீழே கிடக்கும் ஹோட்டல் செலவை மேலே ஏற்ற எதைக் கீழே இறக்கலாம்?" என்று பேச்சு திரும்பும். அது நடந்தால் பாதி மாற்றம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு டீம்களின் வெலாசிட்டியை ஒப்பிடாதீர்கள், அதை இலக்காகவும் வைக்காதீர்கள். வைத்தால் எண் கட்டாயம் ஏறும். நேற்று 3 புள்ளியாக இருந்த வேலை இன்று 5 புள்ளி ஆகிவிடும்.

படி 8: சுற்றியுள்ள சுவர்கள்

டீம் இரண்டு வாரத்தில் முடித்தாலும் ரிலீஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் என்றால் பயனருக்கு ஒன்றும் மாறாது. ரிலீஸ் பிரிவு ஆளை முதல் ஸ்பிரிண்டிலிருந்தே ரிவ்யூவுக்குக் கூப்பிடுங்கள். அவர் அஞ்சுவது எதற்கு என்று கேட்டு, அதற்கான சோதனையைப் படி 5-இன் பட்டியலில் சேருங்கள்.

தணிக்கைக்கு ஆவணம் வேண்டும் என்றால் கொடுத்துவிட வேண்டியதுதான், அதில் பேரம் இல்லை. ஆனால் எந்த ஆவணத்தை யார் படிக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். யாருமே படிக்காதவை சில தேறும். மற்றவற்றை ஸ்பிரிண்ட் வேலையின் பகுதியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினால் கடைசி மாத நெரிசல் இருக்காது. கட்ட ஒப்புதல் கூட்டங்களையும் ரத்து செய்யக் கேட்காதீர்கள். அதே தேதியில் ஆவணத்துக்குப் பதில் ஓடும் மென்பொருளைக் காட்டுவதற்கு அனுமதி கேளுங்கள், அது எளிதில் கிடைக்கும்.

ஆண்டு மதிப்பீடு கடினமான சுவர். தனி ஆளுக்குத் தரவரிசை போட்டுக்கொண்டே டீமாக உழைக்கச் சொன்னால் யாரும் அடுத்தவருக்குக் கை கொடுக்க மாட்டார்கள். அதை உங்கள் ஒரு திட்டத்தால் மாற்ற முடியாது. துறை மேலாளரிடம், மதிப்பீட்டில் டீமின் விளைவுக்கும் ஒரு பங்கு தரச் சொல்லலாம்.

படி 9: ஸ்பிரிண்ட் பொருந்தாத இடத்தில் கான்பன்

பராமரிப்பு, பயனர் புகார்கள் போன்ற வேலை எப்போது வரும் என்று தெரியாது. அங்கே ஸ்பிரிண்டைத் திணிக்க வேண்டாம். ஒரு பலகை, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே நேரத்தில் எத்தனை வேலை இருக்கலாம் என்ற வரம்பு, இவ்வளவு போதும்; இதுதான் கான்பன். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இதற்கு அடிப்படை. கையில் 12 வேலை, வாரம் 3 முடிகிறது என்றால் ஒரு வேலை வெளிவரச் சராசரியாக 4 வாரம் ஆகும். முடிக்கும் வேகம் அப்படியே இருக்க, கையில் 6 மட்டும் வைத்துக்கொண்டால் 2 வாரம்.

படி 10: அடுத்த டீம்

முதல் டீம் மூன்று நான்கு மாதம் ஓடிய பிறகுதான் விரிவாக்கம் பற்றிப் பேசலாம். அப்போதும் நான் பார்ப்பது இவற்றைத்தான்: புராடக்ட் ஓனர் மேலே கேட்காமல் எதையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரா? பயனர் கருத்தைக் கேட்டு பேக்லாக்கின் வரிசை மாறியதா? ரிவ்யூவில் கெட்ட செய்தியைச் சொன்னவருக்கு ஏதாவது தொல்லை வந்ததா? முதல் இரண்டுக்கும் ஆம், மூன்றாவதற்கு இல்லை என்றால் இரண்டாவது டீமைத் தொடங்கலாம். முதல் டீமிலிருந்து ஒருவரோ இருவரோ, அவர்கள் சம்மதித்தால், அங்கே போகட்டும்.

பதில்கள் வேறு மாதிரி இருந்தால் படி 2-இன் அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் மேலிடத்துக்குப் போங்கள். பயிற்சி வகுப்பும் புது டூலும் வாங்கும் யோசனை அப்போதுதான் கிளம்பும். அதைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அதிகாரம் கீழே வருவதற்கு மேலிடம் ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால், பழைய முறையிலேயே தொடர்ந்து, அபாயமான பகுதிகளை முன்னால் கொண்டுவருவதையும் மாதம் ஒருமுறை ஓடும் மென்பொருளைக் காட்டுவதையும் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.